பொதுக் கட்டிடத்துக்குள்ள செராமிக் டைல் ஆர்ட்: அஞ்சு வழி இருக்கு, உங்க சுவருக்கு எது?

ஒரே கேள்வி மூணு பேர்கிட்ட இருந்து மூணு விதமா வந்திருக்கு. ஒருத்தருக்கு நூலகத்தோட முன் ஹால், இன்னொருத்தருக்கு ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுக்குப் போற காரிடார், மூணாவது ஆளுக்கு ரயில் நிலையத்து சுரங்கப்பாதை. மூணு இடத்துலயும் கதை ஒண்ணுதான். சுவர் இருக்கு, பணம் ஒதுக்கியாச்சு, டைல்ல ஏதாவது படமா பண்ணலாம்னு முடிவும் எடுத்தாச்சு, அதுக்கப்புறம் குழுவுல ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கறாங்க. கையால வரைஞ்சாதான் கலைனு ஒருத்தர், பிரிண்ட் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்ல எதுக்கு இழுத்துக்கிட்டுனு ஒருத்தர், மொசைக்னா பசங்களையும் சேர்த்துக்கலாமேனு இன்னொருத்தர்.

நான் செராமிக் வேலை பண்ற ஆளு. டைல் பண்ணியும் இருக்கேன், மத்தவங்க பண்ணதை சுவர்ல ஒட்டும்போது பக்கத்துல நின்னு தலையில கை வெச்சும் இருக்கேன். என் கட்சி என்னனு முன்னாடியே சொல்லிடறேன்: படம் என்னங்கறதை கடைசியா முடிவு பண்ணுங்க. முதல்ல கேக்க வேண்டியது, பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு டிராலி இடிச்சு நட்டநடுவுல ஒரு டைல் உடையும், அன்னைக்கு என்ன பண்ணுவீங்க? இதுக்கு பதில் வந்துட்டா பாதி ஆப்ஷன் தானா கழண்டுக்கும்.

இங்க பேசறது உள்சுவர் மட்டும். தரைக்கு வழுக்கல், தேய்மானம்னு கணக்கே வேற, அதை இதோட போட்டு குழப்பிக்க வேண்டாம்.

## எதை வெச்சு அளக்கப்போறோம்

ரிப்பேர். மேலயே சொல்லிட்டேன். ஒத்த டைலை மாத்த முடியுமா, மாத்தினா மாத்தினது தெரியுமா, மாத்தத் தெரிஞ்ச ஆளு அப்போ இருப்பாரா.

சுவர் தாங்குமா. இதை யாருமே கேக்கறதில்ல. சாதாரண 8 மில்லிமீட்டர் டைல் சதுர மீட்டருக்கு 16லிருந்து 18 கிலோ வரும். கையால செஞ்ச தடிமனான டைல், ஒரு 25 மில்லிமீட்டர்னு வைங்க, 45 கிலோவைத் தாண்டிடும். பிரிட்டிஷ் வழிகாட்டுதல்ல ஜிப்சம் பிளாஸ்டர் பூசின சுவருக்கு 20 கிலோ, 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டுக்கு 32 கிலோதான் உச்சம், அதுவும் பசை, டைல் இடைவெளியை அடைக்கற கிரவுட் எல்லாம் சேர்த்து. இப்போ கட்டற ஆபீஸ், ஆஸ்பத்திரி உள்சுவர்ல நிறைய போர்டுதான். தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குனு கேட்டா இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

சத்தம். எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் தர்ற விஷயம் இது. கிளேஸ், அதாவது சூளையில உருகி கண்ணாடி மாதிரி படியற பூச்சு, போட்ட டைல் மேல விழற சத்தத்துல கிட்டத்தட்ட 98 சதவீதம் அப்படியே திரும்பி வந்துடும். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஆய்ஸ்டர் பார் வாசல்ல குவாஸ்டவினோ கம்பெனி கட்டின டைல் வளைவு இருக்கு, ஒரு மூலையில நின்னு கிசுகிசுத்தா எதிர் மூலையில இருக்கறவருக்கு தெளிவா கேக்கும், டூரிஸ்ட் எல்லாம் வரிசையில நின்னு விளையாடுவாங்க. விளையாட நல்லாத்தான் இருக்கும், ஆனா அதே சமாச்சாரம் ஒரு நூலகத்துல நடந்தா? அந்தக் கம்பெனியே இந்தப் பிரச்சனையைப் புரிஞ்சுக்கிட்டு வாலஸ் சபைன்ங்கற ஒலியியல் விஞ்ஞானியோட சேர்ந்து 1910கள்ல சத்தத்தை உறிஞ்சற நுண்துளை டைலையே கண்டுபிடிச்சாங்க. உங்களுக்கு அவ்ளோ தூரம் போக வேண்டாம், டைல் சுவருக்கு எதிர்ல இல்ல மேல சீலிங்ல சத்தம் உறிஞ்சற பேனல் போட பட்ஜெட்ல இடம் வெச்சா போதும். வைக்க மறந்துட்டு ரிசப்ஷன்ல உக்காந்திருக்கறவங்க தலைவலியோட வீட்டுக்குப் போற இடங்களை நான் பார்த்திருக்கேன்.

கை எட்டுமா. எட்டற உயரத்துல இருந்தா தொடுவாங்க, சாய்வாங்க, பசங்க நகத்தால நோண்டுவாங்க. எட்டாத உயரத்துல இருந்தா துடைக்க ஏணி வேணும்.

வெளிச்சம். பளபள கிளேஸுக்கு எதிர்ல ஜன்னல் இருந்தா படம் தெரியாது, ஜன்னல்தான் தெரியும். இதை சரியா யோசிச்ச இடம்னா பார்சிலோனாவுல கௌடிங்கற கட்டிடக் கலைஞரோட காசா பாட்லோ. வீடாக் கட்டினதுதான், இருந்தாலும் சொல்றேன். நடுவுல இருக்கற வெளிச்சக் கிணத்துல மேல போகப்போக கரு நீல டைல், கீழ வரவர வெளிர் நிறம். மேல வெளிச்சம் அதிகம், கீழ கம்மி, அதனால நிறத்தை மாத்தி கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிய வெச்சுட்டார். உங்க சுவருல காலையில ஒரு போட்டோ, மத்தியானம் ஒண்ணு, லைட் போட்டதுக்கப்புறம் ஒண்ணு எடுத்து ஆர்டிஸ்ட்கிட்ட குடுத்துடுங்க, பெருசா ஒண்ணும் செலவில்ல.

கழட்ட முடியுமா. கட்டிடம் மாறும், கதவு இடம் மாறும். ஒட்டினதை முழுசா கழட்டறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

அப்புறம் நேரம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

## 1. கையால வரைஞ்ச கிளேஸ் டைல்

எல்லாரும் மனசுல நினைக்கறது இதைத்தான். போர்ச்சுகல் போர்ட்டோ நகரத்துல சாவ் பென்டோ ரயில் நிலையத்து முன் ஹாலைப் பாருங்க, ஜார்ஜ் கொலாசோ வரைஞ்ச சுமார் 20,000 டைல், 1905ல ஆரம்பிச்சு 1916 வரைக்கும் போச்சு. ரயிலுக்கு ஓடறவங்ககூட ஒரு நிமிஷம் நிக்கற சுவர். நூறு வருஷம் தாண்டியும் நீலம் நீலமாவே இருக்கு, ஏன்னா சூளையில வெந்த செராமிக் நிறம் வெயில்ல வெளிறாது. பெயின்ட்டுக்கும் இதுக்கும் அதுதான் பெரிய வித்தியாசம்.

இதுல பிரஷ் பிடிக்கற அனுபவமே தனி. டைல் மேல பொடியா ஒட்டியிருக்கற, இன்னும் சுடாத கிளேஸ் மேல வரையறோம், வெச்ச உடனே நிறத்தை உறிஞ்சிடும், அழிச்சு எழுதற பேச்சே கிடையாது. அதுக்கப்புறம் 1,000 டிகிரி பக்கம் சூடு. கோபால்ட் நீலம் எந்த சூட்டுலயும் பெருசா ஏமாத்தாது, அதனாலதான் உலகம் முழுக்க டைல் ஆர்ட்னா நீலமா இருக்கு. சிவப்பு அப்படி இல்ல. துருக்கியில இஸ்னிக்ங்கற ஊர்ல செஞ்ச டைல்ல, 1560கள்ல கட்டின இஸ்தான்புல் ருஸ்தம் பாஷா மசூதியில இருக்கே, அந்த தக்காளி சிவப்பு தொட்டா கொஞ்சம் மேடா இருக்கும், அவ்ளோ கெட்டியா வெச்சிருப்பாங்க. அடுத்த நூத்தாண்டுலயே அதே இஸ்னிக்லயே அந்த சிவப்பு வராம பழுப்படிச்சுப் போச்சு. உங்க குழுவுல யாராவது லோகோவுல இருக்கற அதே சிவப்பு வேணும்னு அடம் பிடிச்சா இந்தக் கதையை சொல்லுங்க.

மறைஞ்சிருக்கற செலவு எங்கன்னா, எண்ணிக்கையில. 15 சென்டிமீட்டர் டைல்னா சதுர மீட்டருக்கு 44, இருபது சதுர மீட்டர் சுவருக்கு 890 பக்கம். ஒவ்வொண்ணும் தனித் துண்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு இடம்தான். பின்னாடி நம்பர் போடணும். நான் ஆரம்ப காலத்துல சாதாரண மார்க்கர்ல நம்பர் எழுதி சூளையில வெச்சுட்டேன், மை எரிஞ்சு போயி 120 டைல் பெயர் இல்லாம வெளிய வந்துச்சு, தரையில பரப்பி ராத்திரி முழுக்க புதிர் விளையாடினேன். நம்பரை செராமிக் நிறத்துலயே எழுதணும், இல்லேனா ஈரக் களிமண்லயே கீறிடணும்.

இன்னொரு செலவு காண்ட்ராக்ட்ல. இஸ்தான்புல் நீல மசூதிக்குள்ள 20,000க்கு மேல இஸ்னிக் டைல், 1609லிருந்து 1616 வரைக்கும் கட்டினது. ஒரு டைலுக்கு இவ்ளோதான்னு சுல்தான் விலையை நிறுத்தி வெச்சுட்டார், வெளிய விலை ஏறிக்கிட்டே போச்சு, அதனால பின்னாடி வந்த டைலோட தரம் இறங்கிப்போச்சுனு சொல்லுவாங்க. பல வருஷம் இழுக்கற வேலைக்கு பிடிவாதமா ஒரே ரேட் பேசினா உங்களுக்கும் அதே கதிதான்.

ரிப்பேர்? முகத்துல ஒரு டைல் உடைஞ்சா அதே கை, அதே கிளேஸ், அதே சூளை வேணும். முதல் தடவையே முக்கியமான டைல்களை ரெண்டு ரெண்டா வரைஞ்சு வாங்கி வெச்சுக்கறது ஒண்ணுதான் வழி. ஆர்டிஸ்ட் முகம் சுளிப்பார், பரவால்ல.

இது யாருக்கு: இடிபாடு இல்லாத, ஜனங்க நின்னு பார்க்கற, சொல்றதுக்கு ஒரு கதை இருக்கற பெரிய ஒத்தை சுவருக்கு. தூரத்துல இருந்தும் படமாத் தெரியும், பக்கத்துல போனா பிரஷ் தடமும் தெரியும்.

## 2. மொசைக், உடைச்ச டைல்

பழைய இரானுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம், ஏன்னா நீங்க இப்போ போடற சண்டையை அவங்க 400 வருஷம் முன்னாடியே போட்டு முடிச்சுட்டாங்க. ஒரே நிற டைலை சுட்டு, துண்டு துண்டா வெட்டி, கோர்க்கறது ஒரு முறை, அதான் மொசைக். ஒவ்வொரு நிறத்தையும் அதுக்கு ஏத்த சூட்டுல தனியா சுடலாம், அதனால நிறத்தோட ஆழம் அடிச்சுக்க முடியாது. இன்னொரு முறை ஹஃப்த் ரங்கி, அதாவது ஏழு நிறம். ஒரே டைல் மேல எல்லா நிறத்தையும் தீட்டி, ஒண்ணோட ஒண்ணு கலக்காம எண்ணெய்ப் பசை கலந்த கருப்புக் கோடு போட்டு, ஒரே தடவையில சுட்டு எடுக்கறது. இஸ்ஃபஹான்ல 1611ல ஷா அப்பாஸ் பெரிய மசூதியை ஆரம்பிச்சப்போ சீக்கிரம் முடியணும்னு பெரும்பாலும் ரெண்டாவது முறையைத்தான் எடுத்தாங்க. நிறத்துல கொஞ்சம் விட்டுக்குடுத்து நேரத்தை வாங்கினாங்க. ஆக, மொசைக்னா மெதுவா நடக்கும், நிறத்துல ஜெயிக்கும்.

மொசைக்கோட உண்மையான பலம் ரெண்டு. தூண், வளைவு, குமிழ் மாதிரி உருண்ட பரப்புக்கு தட்டை டைல் வளைஞ்சு குடுக்காது, சின்னத் துண்டுதான் ஒட்டும். ரெண்டாவது, ரிப்பேர்ல இது ராஜா. நாலு துண்டு விழுந்தா நாலு துண்டு வெட்டி வெச்சுடலாம், கொஞ்சம் நிறம் மாறினாலும் பக்கத்துல இருக்கற நூறு துண்டும் ஆளுக்கு ஒரு சாயல்தான், யாருக்கும் தெரியாது.

அடி வாங்கறது கிரவுட்ல. 2 சென்டிமீட்டர் துண்டு, 2 மில்லிமீட்டர் இடைவெளினு வெச்சா சுவர்ல ஆறுல ஒரு பங்கு கிரவுட்தான். 15 சென்டிமீட்டர் டைலுக்கு அது ரெண்டரை சதவீதம் பக்கம்தான் வரும். அழுக்கு பிடிக்கறது கிரவுட், துடைக்கக் கஷ்டமும் கிரவுட், அதைவிட முக்கியம் படத்தோட நிறத்தையே அது மாத்திடும். வெள்ளை கிரவுட் போட்டா எல்லா நிறமும் வெளிறும், கருப்பு போட்டா எல்லாம் துள்ளிக்கிட்டு நிக்கும், சாம்பல் நடுவுல. சாம்பிள் போர்டு பண்ணாம கிரவுட் நிறத்தை ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க.

உடைச்ச டைல்னா ஓரம் பிளேடு. பசங்க கை படற உயரத்துல வேண்டாம், வேணும்னா காகிதத்துல தலைகீழா ஒட்டி சுவர்ல கவுக்கற முறையில பண்ண சொல்லுங்க, முகப்பு சமமா வரும். ஊர் ஜனங்க, மாணவங்களை சேர்த்துக்கிட்டு பண்ணணும்னா இதைவிட நல்லது எதுவும் இல்ல, ஆனா வெட்டற வேலையை பெரியவங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு முன்னாடியே முடிச்சு வெச்சிடணும். இலவசமா ஆள் வர்றாங்க அதனால மிச்சம்னு மட்டும் கணக்கு போடாதீங்க, அவங்களை மேய்க்கறதுக்கு சம்பளம் குடுக்கணும்.

## 3. புடைப்பு டைல், கையால செதுக்கின செராமிக்

நியூயார்க் சப்வே 1904ல திறந்தப்போ ஆஸ்டர் பிளேஸ் ஸ்டேஷன்ல பீவர்ங்கற விலங்கோட உருவம் போட்ட செராமிக் பலகை பதிச்சாங்க, க்ரூபி ஃபயன்ஸ் கம்பெனி செஞ்சது. அந்த இடத்துக்குப் பெயர் குடுத்த ஆஸ்டர் அந்த விலங்கோட தோல் வியாபாரத்துல சம்பாதிச்சவர், அதான் சம்பந்தம். போர்டைப் படிக்காமலே இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துடுச்சுனு தெரிஞ்சுக்கலாம். புடைப்புக்கு இதுதான் சரியான உபயோகம்னு நான் நினைக்கறேன். சுவர் முழுக்க வேண்டாம், ஆங்காங்க ஒண்ணு. கண் தெரியாதவங்க விரலால பார்க்கலாம், ஒரு மாடிக்கு ஒரு உருவம்னு வெச்சா வழி தெரியாம சுத்தறவங்களுக்கும் அடையாளம்.

முழு சுவரும் புடைப்புல பண்ணணும்னா மூச்சு வாங்கும். களிமண் காஞ்சு வெந்து வரும்போது 10 சதவீதம் பக்கம் சுருங்கும், அதாவது 3 மீட்டர் படத்துக்கு 3.33 மீட்டருக்கு செதுக்கணும். தடிமனான துண்டு உள்ள ஈரத்தோட சூளைக்குப் போனா வெடிக்கும், பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து கூட்டிட்டுப் போயிடும். காய வைக்கவே வாரக்கணக்காகும், இதை அவசரப்படுத்தற குழுத் தலைவர் யாரா இருந்தாலும் அவர்கிட்ட சண்டை போடுங்க.

எடை விஷயம் விளையாட்டில்ல. 2008ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஆண்ட்ரியா டெல்லா ராபியாங்கற பழைய இத்தாலிய சிற்பி செஞ்ச, கிளேஸ் போட்ட சுடுமண் புடைப்பு ஒண்ணு, வாசக்கதவுக்கு மேல மாட்டியிருந்தது, ராத்திரி கீழ விழுந்து உடைஞ்சது. நல்லவேளை யாரும் அடியில இல்ல. அவ்ளோ பெரிய மியூசியத்துலயே அப்படின்னா நம்ம ஹாலுக்கு பசையை மட்டும் நம்பாம பின்னாடி உலோகப் பிடிமானமும் வைக்கணும், அதை அப்பப்போ யாராவது செக் பண்ணவும் செய்யணும்.

தூசி, சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு குழியிலயும் உக்காரும். ஆஸ்பத்திரியில நோயாளி படுக்கை பக்கம் இதை நான் வைக்கவே மாட்டேன்.

## 4. டிஜிட்டல் பிரிண்ட் டைல்

இதைக் கேவலமா பேசற ஆர்டிஸ்ட் நிறைய பேர், நானும் ஒரு காலத்துல பேசினவன்தான். வேகம், வழவழனு துடைக்கற வசதி, பெரிய பலகைனா இடைவெளியே கம்மி, பழைய போட்டோ, மேப், கையெழுத்துப் பிரதி மாதிரி ஆவணங்களை சுவர்ல கொண்டுவரணும்னா இதை விட்டா வேற வழி இல்ல.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி, பிரிண்ட் போட்டதுக்கப்புறம் சூளைக்குப் போகுதா, எத்தனை டிகிரி? இந்த பெயர்ல மூணு வேற வேற சரக்கு விக்குது. செராமிக் இங்க்ல பிரிண்ட் போட்டு 1,100 டிகிரிக்கு மேல சுட்டது ஒண்ணு, நிறம் டைலோட ஒரு பாகமாவே ஆயிடும், இதுதான் நிஜமான சரக்கு. ஏற்கனவே சுட்ட டைல் மேல ஸ்டிக்கர் மாதிரி செராமிக் படம் ஒட்டி 800 டிகிரி பக்கம் திரும்ப சுட்டது ரெண்டாவது, நல்லாத்தான் இருக்கும், ஆனா நிறம் மேல உக்காந்திருக்கறதால ஆசிட் கிளீனருக்கு பயப்படணும். மூணாவது, டைல் மேல பிளாஸ்டிக் பூச்சு பூசி 200 டிகிரி பிரஸ்ல படத்தை ஏத்தினது, இல்ல யூவி இங்க்ல, அதாவது புற ஊதா வெளிச்சத்துல காயற மையில, அடிச்சது. இது டைல் மேல ஒட்டின போஸ்டர், அவ்ளோதான். வெயில் பட்டா வெளிறும், ஸ்க்ரப்பர் பட்டா கீறும். சாம்பிள் வாங்கி நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு அழுத்தித் தேய்ங்க, அப்புறம் பாத்திரம் தேய்க்கற ஸ்டீல் நாரால தேய்ங்க. நிறம் வந்தா கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிட்டு கிளம்பிடுங்க.

ரிப்பேர்ல ஃபைல் இருக்கே, திரும்ப அடிச்சுக்கலாம்னு நினைப்பாங்க. அடிக்கலாம், ஆனா அந்த இங்க் செட்டும் அந்த கிளேஸும் அந்த சூளையும் மாறியிருக்கும், நிறம் அரை சாயல் தள்ளி நிக்கும். வழவழ பரப்புல அந்த அரை சாயல் பளிச்சுனு தெரியும். அதனால ஸ்பேர் டைல் இதுக்கும் முதல் நாளே வேணும். ஃபைல் யார்கிட்ட இருக்கும், உரிமை யாருக்குங்கறதையும் எழுதி வாங்கிக்கங்க.

## 5. மாடுலர் டைல், சின்ன டிசைன் பெரிய சுவர்

நான் சாய்ற பக்கம் இதுதான், மறைக்க ஒண்ணுமில்ல. ஒண்ணோ நாலோ டிசைன் மட்டும் வரைஞ்சு, அதை நிறைய அடிச்சு, திருப்பித் திருப்பி ஒட்டி சுவரை நிரப்பறது.

1704லயே செபாஸ்டியன் ட்ரூஷேனு ஒரு பிரெஞ்சு பாதிரியார் இதை கணக்காவே எழுதி வெச்சார். சதுர டைலை மூலைக்கு மூலை ரெண்டு நிறமா பிரிச்சா நாலு பக்கமும் திருப்பலாம், நாலு டைலை சேர்த்தாலே 256 விதம் வரும். ஒரே ஒரு டிசைன்ல இவ்ளோ!

1959ல லிஸ்பன் மெட்ரோ திறந்தப்போ ஆரம்ப ஸ்டேஷன்களை வடிவமைச்சவர் பிரான்சிஸ்கோ கெய்ல் டோ அமரால், சுவருக்கு டைல் வரைஞ்சது அவர் மனைவி மரியா கெய்ல். பெரிய படம் எதுவும் இல்ல, வெறும் கோடும் கட்டமும் நிறமும், திரும்பத் திரும்ப. ஓடிக்கிட்டு போறவங்க கண்ணுக்கு நின்னு படிக்கற படத்தைவிட இந்த தாளம்தான் ஒட்டும். பிரேசில் தலைநகர் பிரேசிலியாவுல அதோஸ் புல்காவ்ங்கற ஆர்டிஸ்ட் இன்னும் ஒரு படி மேல போனார், டிசைனையும் ரெண்டு மூணு விதியையும் குடுத்துட்டு எந்த டைலை எந்தப் பக்கம் திருப்பறதுனு ஒட்டற தொழிலாளிங்ககிட்டயே விட்டுட்டார். நம்பர் வேண்டாம், வரைபடம் வேண்டாம், தப்பா ஒட்டறதுங்கற பேச்சே இல்ல. மார்க்கர் மை எரிஞ்சு ராத்திரி முழுக்க முழிச்ச எனக்கு அவர் கதையைப் படிச்சப்போ அழுகையே வந்துச்சு.

உடைஞ்சா? பொட்டியில இருந்து ஒண்ணு எடுத்து ஒட்டு, முடிஞ்சது. எந்த டைல் எந்த இடத்துக்கும் போகும்.

குறை இல்லாம இல்ல. கதை சொல்ல முடியாது, ஒரு தலைவரோட முகமோ ஊரோட வரலாறோ வேணும்னா இதுல வராது. டிசைன் மோசமா அமைஞ்சா பாத்ரூம் மாதிரி ஆயிடும், அதான் பெரிய ஆபத்து, ஏன்னா பாத்ரூம்லயும் டைல்தான் திரும்பத் திரும்ப வருது. அதனால மிச்சமாகற பணத்தை டிசைனருக்குக் குடுங்க. 2 மீட்டருக்கு 2 மீட்டர் தாள்ல பிரிண்ட் எடுத்து அதே சுவர்ல ஒட்டி ஒரு வாரம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

## ஒரே பார்வையில

| | கையால வரைஞ்சது | மொசைக் | புடைப்பு | டிஜிட்டல் (சுட்டது) | மாடுலர் |
|---|---|---|---|---|---|
| ஒத்த டைல் ரிப்பேர் | கஷ்டம் | சுலபம் | ரொம்ப கஷ்டம் | ஸ்பேர் இருந்தா சுலபம் | ரொம்ப சுலபம் |
| சுவர் மேல எடை | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் | கம்மியிலிருந்து நடுத்தரம் | நடுத்தரம் |
| துடைக்க | சுலபம் | கிரவுட் தொல்லை | தூசி | ரொம்ப சுலபம் | சுலபம் |
| எடுக்கற நேரம் | அதிகம் | அதிகம் | ரொம்ப அதிகம் | கம்மி | கம்மியிலிருந்து நடுத்தரம் |
| கதை சொல்லுமா | நல்லா | ஓரளவு | ஓரளவு | நல்லா | சொல்லாது |
| வளைஞ்ச பரப்பு | முடியாது | முடியும் | தனியா செஞ்சா முடியும் | முடியாது | முடியாது |

சத்தத்துக்குனு வரி போடல, அஞ்சுமே அதுல ஃபெயில். புடைப்பு சத்தத்தை கொஞ்சம் சிதறடிக்கும், உறிஞ்சாது.

## எதை எடுத்தாலும் பில்லுல பின்னாடி வர்றது

பெரிய சுவர்னா அது விரிஞ்சு சுருங்க அசைவு இடைவெளி விடணும், உள்சுவர்ல ஒரு 6லிருந்து 8 மீட்டருக்கு ஒண்ணு, மூலையில ஒண்ணு, பழைய சுவரும் புது சுவரும் சேர்ற இடத்துல கண்டிப்பா. கிரவுட்டுக்குப் பதிலா வளைஞ்சு குடுக்கற சீலன்ட். இதை முதல்லயே ஆர்டிஸ்ட்கிட்ட சொன்னா படத்தோட ஒரு மரத்தண்டுலயோ தூண்லயோ அந்தக் கோட்டை ஒளிச்சிடுவார், சொல்லாம விட்டா ஒட்டறவர் முகத்துக்கு நடுவுல கோடு போட்டுட்டுப் போவார், இல்ல இடைவெளியே விடாம ஒட்டி அஞ்சாவது வருஷம் டைல் கூடாரம் மாதிரி எழும்பும்.

பசையை நாலு மூலையில பொட்டு வெச்சு ஒட்டறதை விடாதீங்க, முழுக்க பரவணும். தண்ணி உறிஞ்சறது 0.5 சதவீதத்துக்குக் கீழ இருக்கற போர்சலின்ல சாதா சிமென்ட் பால் பிடிக்கவே பிடிக்காது, பாலிமர் கலந்த பசைதான்.

கழட்டற விஷயத்துக்கு ஒரு உதாரணம் சொல்லியே ஆகணும். லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷன்ல எட்வர்டோ பாவலோட்ஸிங்கற சிற்பி 1980கள்ல பண்ணின மொசைக், அது கண்ணாடி மொசைக், ஆனா பிரச்சனை ஒண்ணுதான். ஸ்டேஷனை விரிவாக்கும்போது பெரும்பகுதியைக் காப்பாத்தினாங்க, எஸ்கலேட்டர் மேல இருந்த வளைவுகள் மட்டும் 2015ல போச்சு, துண்டுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போய் சேர்ந்துச்சு. இதுக்கு நேர் எதிர் லீட்ஸ் நூலகத்தோட டைல் ஹால், 1884ல வாசிப்பறையா கட்டினது, பின்னாடி வந்தவங்க சுவரை மறைச்சு வேற வேலைக்கு விட்டுட்டாங்க, பல வருஷம் கழிச்சு மறைப்பை எடுத்துப் பார்த்தா டைல் அப்படியே இருக்கு, 2007ல திரும்ப திறந்தாங்க, இப்போ அங்க கஃபே நடக்குது. சுவர் மாறும்னு சந்தேகம் இருந்தா டைலை நேரா சுவர்ல ஒட்டாம அலுமினிய ஹனிகோம்ப் பலகையில, அதாவது உள்ள தேன்கூடு மாதிரி இருக்கற லேசான பலகையில, ஒட்டி பலகையை மாட்டுங்க. செலவு ஏறும், ஆனா லாரியில ஏத்திட்டுப் போகலாம்.

## கேட்ட மூணு பேருக்கு

நூலகக்காரருக்கு: ஒத்தை சுவர், எதிர்ல ஜன்னல் இல்ல, ஜனங்க உக்காந்து பார்ப்பாங்க, கையால வரைஞ்சதே போங்க. மேட் கிளேஸ் வேண்டாம், அழுக்கு பிடிக்கும், பாதி பளபளப்பு போதும். சீலிங்ல சத்தம் உறிஞ்சற பேனல் இல்லாம ஆர்டரே போடாதீங்க. அதுக்கு பணம் பத்தலைனா படத்தை மூணுல ஒரு பங்கா சுருக்குங்க.

ஆஸ்பத்திரி அம்மாவுக்கு: நீங்க அனுப்பின போட்டோவுல அது போர்டு சுவர் மாதிரிதான் தெரியுது, அதனால புடைப்பு கிடையாது. ஸ்ட்ரெச்சர் இடிக்கற உயரம் வரைக்கும் மாடுலர், அதுக்கு மேல பசங்க கண் போற இடத்துல சுட்ட டிஜிட்டல்ல படம். மொசைக்ல பசங்களை சேர்க்கணும்னு ஆசைப்பட்டீங்களே, வார்டுக்குள்ள வேண்டாம், வெளி வாசல் தூண்ல பண்ணுங்க.

ஸ்டேஷன்காரருக்கு யோசிக்கவே வேண்டாம், மாடுலர். ரெண்டு வாசலுக்கும் ஆளுக்கு ஒரு புடைப்புப் பலகை வைங்க, எந்தப் பக்கம் ஏறினோம்னு ஞாபகம் இருக்கும். பத்து சதவீதம் டைல் கூடுதலா வாங்கி, பொட்டி மேல சுவரோட போட்டோ, பசையோட பெயர், கிரவுட் நிறத்தோட நம்பர் மூணையும் ஒட்டி, கட்டிட வரைபடத்துலயே அந்தப் பொட்டி எந்த ரூம்ல இருக்குனு குறிச்சு வெச்சிடுங்க. உங்களுக்கு அடுத்து வர்ற ஆளு ஸ்டோர் ரூமை சுத்தம் பண்றேன்னு முதல்ல தூக்கிப் போடறது அந்தப் பொட்டியாத்தான் இருக்கும்.